சத்தம் நின்றால் படு

மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குச் சத்தம் நின்றது.

அதற்கு முன் ஒரு கால் மணி நேரமாகச் சேலையூர் ஏரிப் பக்கமிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. கரகரவென்று, துண்டு துண்டாக, தொண்டை கட்டிய ஒருவர் யாரையோ விடாமல் திட்டுவது போன்ற சத்தம். தாம்பரம் முகாமில் வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம், பத்துப் பதினைந்து பேர். எல்லோருக்கும் அது காதில் விழுந்தது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மிதிப்பதை மட்டும் மெதுவாக்கிக்கொண்டோம். பிறகு அது நின்றது.

நின்ற கணத்தில், விமானப்படைச் சீருடை அணிந்த அத்தனை பேரும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு நடுச்சாலையில் குப்புற விழுந்தோம். முழங்கையை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், காதுகளைப் பொத்தி, வாயை அகலத் திறந்துகொண்டு. எனக்கு முன்னால் போன கார்ப்போரல் தங்கராஜ் மட்டும் கேரியரில் கட்டியிருந்த முட்டைப் பொட்டலத்தை அவிழ்த்து, ஓரமாக வைத்து, பிறகு விழுந்தான்.

காதைப் பொத்தியிருந்தும் டீக்கடைப் பேச்சு கேட்டது.

"இன்னாபா இது, அல்லாரும் ஒரே டைம்ல வுழுந்துட்டாங்கோ?"

"பெரிய ஆபீசர் யாருனா வந்துகினு இருப்பாரு."

"அதுக்கு ஏன் வாயத் தொறந்துகினு கீறாங்கோ?"

மனதுக்குள் பன்னிரண்டு வரை எண்ணினோம். ஒன்றும் விழவில்லை. ஒரு ஆடு வந்து என் தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னத் தகுந்ததல்ல என்று முடிவு செய்து நகர்ந்தது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சைக்கிள்களைத் தூக்கினோம். அன்றைய கோமாளித்தனம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் ஐந்து வயது மகள் சுமதியைக் காணவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற மாதம் ஊரப்பாக்கத்தில் நடந்த ஒரு கல்யாணம். பந்தியில் என் இருபுறமும் இப்போது பணியில் இருக்கும் இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சார், எழுபத்தொன்று யுத்தத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். தாம்பரத்தில் என்றேன். அவர் மரியாதையான பையன். சிரிப்பை ரசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டார். எதிரி விமானம் எட்டிப் பார்க்காத ஊரில் என்ன யுத்தம் என்பது அவர் எண்ணம். அவருக்கும், முகாமில் இப்போது குடும்பங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதில்லை, அச்சடித்த தாள் மட்டும் கொடுக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்ட அவர் நண்பருக்கும் இது பதில். தாளே நல்லது. தாள் யாரையும் முன்வரிசையில் உட்காரவைத்துப் பாராட்டுவதில்லை.

நான் பத்தொன்பது வயதில் விமானப்படையில் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் ஓடினோம், மாலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டோம், நடுவில் இன்ஜின் படித்தோம். பிறகு நான்கைந்து ஊர்கள் மாறி, மனைவி சரோஜாவோடும் கைக்குழந்தையோடும் தாம்பரத்துக்கு வந்தபோது நான் சார்ஜெண்ட். முகாமுக்குள் குடியிருப்பு கிடைக்கவில்லை. சேலையூரில் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம்.

என் மேலதிகாரி வாரண்ட் ஆபீசர் ஆசீர்வாதம். மெலிந்த, உயரமான மனிதர். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டே எங்கே கோளாறு என்பார். அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாட்களில் எங்களை "தம்பி" என்பார். தப்புச் செய்தால் "சார்ஜெண்ட்" ஆவோம். பெரிய தப்பு என்றால் "சார்ஜெண்ட் அவர்களே, தாங்கள் இந்த ஸ்பானரை எங்கே வைத்தீர்கள் என்று அடியேன் அறியலாமா?" என்பார். அந்த "அடியேன்" வந்துவிட்டால் அன்று யாருக்கும் சோறு இறங்காது.

அவர் இரண்டாம் உலகப் போரின்போது, இருபது சொச்சம் வயதில், இன்ஜின் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கே அவர் இருந்த தளத்தின் பக்கம் ஜெர்மானியர்களின் பறக்கும் குண்டுகள் வந்தன. ஆள் இல்லாத சின்ன விமானம், உள்ளே முழுக்க வெடிமருந்து. கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டே வரும். சத்தம் வருகிறவரை பயமில்லை, அது உங்கள் தலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் இன்ஜின் அணைந்துவிட்டது, மூக்கைக் கவிழ்த்து விழப்போகிறது என்று அர்த்தம். அதன் பிறகு உங்களுக்கு இருப்பது பன்னிரண்டு எண்ணுகிற நேரம்.

"உலகத்துல எல்லாரும் சத்தத்துக்குப் பயப்படுவாங்க தம்பி. நாங்க நிசப்தத்துக்குப் பயந்தோம்" என்பார்.

எழுபத்தொன்றில் போர் மூண்டதும் முகாமின் தரைப் பாதுகாப்புப் பயிற்சியை அவரிடம் கொடுத்தார்கள். வடக்கே என்ன வகை விமானம் வருகிறது, என்ன வகை குண்டு போடுகிறது என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்த யுத்தம் ஒன்றே ஒன்று, அதையே எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடவிடுவார். நாங்கள் வேலை செய்துகொண்டிருப்போம். சொல்லாமல் கொள்ளாமல் அணைப்பார். உடனே படுக்க வேண்டும்; வெடி அதிர்ச்சியில் செவிப்பறை கிழியாமலிருக்க வாயைத் திறந்துகொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் எங்கள் உடம்பு எங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. மின்சாரம் போய் மின்விசிறி நின்றால் பத்துப் பேர் தரையில் கிடப்போம். சாப்பாட்டுக் கூடத்தில் மாவு அரைக்கும் இயந்திரம் நின்றபோது ஒரு தட்டு கூட மேஜையில் மிஞ்சவில்லை. முடிதிருத்தும் தாத்தா கிளிப்பரை நிறுத்தும்போதெல்லாம் தங்கராஜ் நாற்காலியிலிருந்து நழுவிவிடுவதால், அவனுக்கு ஒரு வாரம் தலையில் பாதி கிராப்பு, பாதி காடு.

குடும்பங்களுக்கான வகுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. முகாமை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்பது ஐம்பது பெண்கள், மடியில் குழந்தைகளோடு. சரோஜாவும் சுமதியும் முன்வரிசை.

பறக்கும் குண்டுக்கு இங்கிலாந்தில் வைத்த செல்லப் பெயர் "டூடுல் பக்" என்று ஆரம்பித்தார். பக் என்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, "பூச்சிம்மா. மூட்டைப்பூச்சின்னு வெச்சிக்குங்களேன்" என்றார். அங்கேதான் சறுக்கல்.

"கட்டிலுக்கு அடியில போய்ப் படுக்கச் சொல்றீங்களே சார், மூட்டைப்பூச்சிக்கு அதுதானே வீடு?" என்றார் ஒரு அம்மா.

"இது பறக்கும்மா."

"ஐயோ, பறக்க வேற செய்யுதா!"

இன்னொருவர் எழுந்தார். "சார், அடுப்புல சாம்பார் கொதிச்சிட்டு இருக்கும்போது சத்தம் நின்னா?"

"சாம்பாரை விட்டுட்டுப் படுங்கம்மா."

"தீஞ்சிடுமே."

"அம்மணி அவர்களே," என்றார் ஆசீர்வாதம், "தாங்கள் தீயாமல் இருப்பதே இங்கே முக்கியம்."

பின்னால் நின்ற நாங்கள் எச்சில் விழுங்கினோம். பெண்கள் சிரித்தார்கள்.

பிறகு மூன்று விதிகள் சொன்னார். சத்தம் நின்றால் படு. வீட்டில் இருந்தால் கட்டிலுக்கு அடியில், வெளியில் இருந்தால் பள்ளம், பாலம், குழாய் எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள். மூன்றாவது, முகாம் சைரனில் அபாயம் நீங்கிய சங்கு ஊதும்வரை வெளியே வரக் கூடாது. ஏறி இறங்கி அழுவது அபாயச் சங்கு. ஒரே சீராக நீளமாக ஊதுவது அபாயம் நீங்கிய சங்கு. "அது கேக்கிற வரைக்கும் அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாது. அப்பா கூப்பிட்டாலும் வரக் கூடாது."

கடைசியில் கன்னத்தை உப்பிக்கொண்டு வாயாலேயே அந்தக் குண்டின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். அச்சு அசலாக இருந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. சட்டென்று நிறுத்தினார். பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சுமதி மட்டும் அம்மா மடியிலிருந்து இறங்கிப் பெஞ்சுக்கு அடியில் போய்க் குப்புறப் படுத்துக் காதைப் பொத்தி வாயைத் திறந்துகொண்டாள்.

ஆசீர்வாதம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "இந்த ரூம்ல இப்ப உயிரோட இருக்கிறது இந்தப் பாப்பா ஒருத்திதான்" என்றார்.

அந்தப் பாராட்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் வாழ்க்கை நடத்துவது பெரும்பாடாகிவிட்டது. பம்ப் ஸ்டவ் எரிகிறவரை அவள் சும்மா இருப்பாள். சரோஜா அதை அணைத்ததும், அந்த உறுமல் நின்றதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வெளியே வரச் சங்கு வேண்டும். நான் வாயைக் குவித்து நீளமாக ஊதுவேன். முதல் இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் அடியிலிருந்து குரல் வந்தது: "அது சங்கு இல்லப்பா. நீதான்." காலைப் பிடித்து இழுத்துத்தான் சோறு ஊட்டினோம்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன்.

வீட்டு வாசலில் சரோஜா நின்றிருந்தாள். சுமதி பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஏரிப் பக்கம் போனாள், அவர்கள் திரும்பிவிட்டார்கள், இவளைக் காணோம் என்றாள். அந்தப் பெண்களைக் கேட்டேன்.

"கன்னியப்பன் தாத்தா கிணத்துக்குப் புது மிஷின் வந்துருக்குன்னு பாக்கப் போனோம் மாமா. மிஷின் நின்னுச்சு. திரும்பிப் பாத்தா சுமதி இல்ல."

கிணறு என்ற சொல்லுக்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.

கன்னியப்பன் ஏரிக்கரைக்குக் கீழே கீரை போடுகிறவர். கிணற்று மின்மோட்டார் புகைந்துபோனதால் வண்டலூரிலிருந்து ஆயில் இன்ஜின் ஒன்றை வாடகைக்குக் கொண்டு வந்திருந்தார். அதில் சைலன்சர் இல்லை. சாலையில் எங்களைக் குப்புறத் தள்ளியது அதுதான். அவர் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் இல்லை. மழைக்காலம் முடிந்த சமயம், தண்ணீர் மேலே, கறுப்பாக, அசையாமல் நின்றது. நான் விளிம்பில் மண்டியிட்டுப் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

"கொயந்த இங்க வந்துச்சு சார், மிஷின பாத்துகினே நின்னுச்சு," என்றார் கன்னியப்பன். "டீசல் தீந்து நின்னுட்ச்சு. நான் ஊத்தறதுக்கு டின்ன எடுக்கப் போனேன். வந்து பாத்தா இல்ல. வூட்டுக்குப் போயிருக்கும்னு நெனச்சுகினேன்."

அவள் வீட்டுக்கு வரவில்லை என்று நான் சொன்னதும் மனிதர் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கோவணத்தோடு குதித்தார். மூன்று முறை மூழ்கி எழுந்தார். "அடில சேறு கீது சார், கை எட்டல. பயப்படாத, தண்ணிய எறைச்சிட்லாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே மேலேறி, ஈரக்கையோடு இன்ஜினைச் சுற்றினார். கரகரவென்று அது மறுபடி பிடித்துக்கொண்டது. கிணற்று நீர் கீரைப் பாத்திகளுக்கு மேல் பாய்ந்து ஓடியது. வளர்த்த கீரை மிதப்பதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

அதற்குள் சாலையில் விழுந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தங்கராஜை முகாமுக்கு அனுப்பினேன். மற்றவர்கள் ஏரிக்கரை, தோப்பு, தெருக்கள் என்று பிரிந்து, "சுமதி! சுமதி!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். சரோஜா கிணற்றை விட்டு நகரவில்லை. திருநீர்மலை ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். "உங்க தலைமுடியக் கொடுக்கிறதா வேண்டிக்கிட்டேன்" என்றாள் என்னிடம். விமானப்படைக் கிராப்பில் சாமிக்கு என்ன தேறும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. மனம் அப்படித்தான் வேலை செய்கிறது, வெட்கமே இல்லாமல்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டடிப்பு நாட்கள். ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் காட்டக் கூடாது. யாரோ ஒருவர் டார்ச் அடித்ததற்குத் தெருக்காவல் தொண்டர் ஒருவர் கரைமேல் நின்று, "அணைங்க! எதிரிக்கு வழி காட்டுறீங்களா?" என்று கத்தினார். எதிரி வந்து என் மகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் காலில் விழத் தயாராக இருந்தேன்.

நான் கரைமேல் ஏறி, வாயைக் குவித்து, மூச்சுள்ளவரை நீளமாக ஊதினேன். கீழே தெருநாய்கள் எல்லாம் கூடவே ஊளையிட்டன. வேறு பதில் இல்லை.

தங்கராஜின் சைக்கிள் வந்தது. முட்டைகள் இருந்த கேரியரில் ஆசீர்வாதம் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். அழுகிற என்னிடம், இன்ஜின் பழுது விசாரிப்பது போலவே விசாரித்தார்.

"மிஷின் தானா நின்னுதா, நிறுத்தினாங்களா?"

"தானா, சார்."

"பாப்பா வகுப்புக்கு வந்திருந்துது இல்ல?"

"முன்வரிசை சார். பெஞ்சுக்கு அடியில படுத்தாளே..."

அவர் தொப்பியைக் கழற்றினார். அவர் வெறும் தலையை நான் அன்றுதான் பார்த்தேன்.

"கிணத்துல இல்ல தம்பி. ஒளிஞ்சிருக்கு."

"எப்படி சார் தெரியும்?"

"தெரியாது," என்றார். பிறகு இன்ஜினைப் பார்த்தார். "அதை மறுபடி ஓட்டுறீங்க. இன்னொரு குண்டு வருதுன்னு இன்னும் உள்ளே போயிருக்கும். நீங்க கூப்பிடக் கூப்பிட வராது. நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்."

இன்ஜினை நிறுத்தச் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவள் கிணற்றில் இல்லை என்று அவருக்கும் தெரியாதே. தங்கராஜை மறுபடி முகாமுக்கு விரட்டினார்: முகாம் சங்கை, அபாயம் நீங்கிய சங்காக, ஒரு நிமிடம் ஊதச் சொல்.

அவன் திரும்பும்வரை கரைமேல் நின்றோம். பதினாறு வருடப் பணியில் நான் ஒரு மேலதிகாரியிடம் குரலை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். "கூப்பிட்டா வரக் கூடாதுன்னு ஏன் சார் சொன்னீங்க? குழந்தைகிட்ட யாராவது அப்படிச் சொல்லுவாங்களா?"

அவர் கோபப்படவில்லை. "தம்பி" என்றுதான் ஆரம்பித்தார்.

"அங்கே எங்ககூட ஒரு பையன் இருந்தான் தம்பி, வெள்ளைக்காரன். என் வயசு. ஒரு நாள் ஒண்ணு விழுந்து வெடிச்சுது, நாங்க ரெண்டு பேரும் வேற வேற பள்ளத்துல. புகை. அவன் இருக்கானா இல்லையான்னு தெரியல. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எனக்குக் கையைக் காட்டறதுக்காக எழுந்து நின்னான். பின்னாலயே ரெண்டாவது ஒண்ணு வந்திருக்குது. அதோட சத்தம் நின்னது எங்க ரெண்டு பேர் காதுலயும் விழல, ஏன்னா நான் கத்திட்டு இருந்தேன்."

கீழே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கராஜ் வந்தான். மூச்சு இரைத்தது.

"டியூட்டி ஆபீசர் முடியாதுன்னுட்டாரு சார். அபாயச் சங்கு ஊதாம அபாயம் நீங்கின சங்கு ஊத விதி இல்லையாம்."

"அப்போ அபாயச் சங்கை ஊதிட்டு இதை ஊதச் சொல்றதுதானே?"

"அதையும் கேட்டேன் சார். அதுக்கு எதிரி விமானம் வேணுமாம்."

ஆசீர்வாதம் வானத்தைப் பார்த்தார். ஒரு கொக்கு போனது.

"டியூட்டி ஆபீசர் அவர்கள் சொல்வது முற்றிலும் சரி," என்றார். நாங்கள் நடுங்கினோம். "பயிற்சிக் கொட்டகையில ஒரு கைச்சங்கு இருக்கே..."

"கொண்டாந்துட்டேன் சார்." கேரியரில் கோணி சுற்றிக் கட்டியிருந்ததைக் காட்டினான்.

"என்ன சொல்லி எடுத்தே?"

"ரிப்பேர்னு சொன்னேன் சார்."

"நல்லது. ரிப்பேர் செஞ்சு சோதிச்சுப் பார்ப்போம்."

கைச்சங்கு என்பது இரும்புக் காலில் நிற்கும் ஒரு டப்பா. பக்கத்தில் கைப்பிடி. சுற்றச் சுற்றச் சத்தம் அடியிலிருந்து ஏறும். வேகம் குறைந்தால் இறங்கும். ஏற்றி இறக்கிச் சுற்றினால் அபாயம், ஒரே வேகத்தில் சுற்றினால் அபாயம் நீக்கம். சிக்கல் என்னவென்றால், எப்படிச் சுற்றினாலும் தொடக்கத்தில் அது ஏறித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்றத்தைக் கேட்டால் சுமதி அபாயச் சங்கு என்று நினைத்துவிடுவாள்.

அவர் அதையும் யோசித்திருந்தார். கன்னியப்பனின் கோணிகளை வாய்க்காலில் நனைத்து, நான்கு மடிப்பாக டப்பாவின் மேல் போர்த்தச் சொன்னார். இரண்டு பேர் இருபக்கமும் அழுத்திப் பிடித்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். உள்ளே ஏதோ மிருகம் முனகுவது போல இருந்தது. முனகல் ஏறியது, ஏறியது, பிறகு ஏறுவதை நிறுத்திச் சமமானது. அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"எடு."

கோணியை உருவினார்கள்.

அப்படி ஒரு சத்தத்தை அத்தனை பக்கத்தில் நான் கேட்டதில்லை. ஒரே சீராக, கோடு இழுத்தது போல, ஏரியைத் தாண்டிப் போயிற்று. அவர் தோள் மட்டும் சுற்றியது, மற்ற உடம்பு அசையவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தங்கராஜ் கை மாற்ற வந்தான். வேகம் அறுந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டி மறுத்தார்.

ஆனால் கீழே இன்ஜினும் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் கலந்து குழம்பின. குண்டுச் சத்தம் கேட்கிறவரை எந்தச் சங்கையும் அவள் நம்ப மாட்டாள். ஆசீர்வாதம் என்னைப் பார்த்தார். பேச மூச்சில்லை. கண்ணால் கிணற்றைக் காட்டினார்.

அந்த இன்ஜினை நிறுத்துவது என்றால், அவள் கிணற்றில் இல்லை என்று நான் ஒப்புக்கொள்வதாகும். சரோஜாவைப் பார்த்தேன். அவளும் சங்கைக் கேட்டுக்கொண்டு கிணற்றடியிலிருந்து கரைக்கு ஏறி வந்திருந்தாள். சரி என்று தலையசைத்தாள்.

"கன்னியப்பண்ணே! மிஷினை நிறுத்துங்க!"

"தண்ணி இன்னும் கீது சார்!"

"நிறுத்துங்க!"

நிறுத்தினார்.

சத்தம் நின்றது. அதற்குப் பிறகு நடந்ததில் எங்கள் யாருடைய விருப்பமும் இல்லை. தேடி அலுத்துக் கரைமேல் கூடியிருந்த பதினைந்து பேரும் பொத்தென்று குப்புற விழுந்தோம். முழங்கை, காது, வாய், எல்லாம் விதிப்படி. தங்கராஜ் கோணியோடு விழுந்தான். நானும் விழுந்தேன். என் பக்கத்தில் புடவை சரசரத்தது. சரோஜாவும் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்துவிட்டுத் தெருக்காவல் தொண்டரும் படுத்தார்.

ஒருவர் மட்டும் படுக்கவில்லை. அந்த நிசப்தத்துக்கு இருபத்தேழு வருடமாகப் பயந்த மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு, நின்றபடி சுற்றிக்கொண்டே இருந்தார். சங்கு ஒரு நூல் கூட இறங்கவில்லை.

நான் எண்ணினேன். பழக்கம். பன்னிரண்டு வந்தது. எழுந்திருக்க என்னால் முடியவில்லை. எழுந்தால் யாரும் வந்திருக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டியிருக்குமே. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கரைச் சரிவில், மதகு வேலைக்காகப் பஞ்சாயத்து இறக்கிப் போட்டிருந்த பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. ஆளுக்கு நான்கு முறையாவது அவற்றைத் தாண்டி, அவள் பெயரைக் கூவிக்கொண்டே ஓடியிருப்போம். அந்தப் பக்கமிருந்து சரளை நெறிபட்டது. என் கன்னத்துக்கு அருகே இரண்டு சின்னச் செருப்புகள் வந்து நின்றன. முழங்காலெல்லாம் சிமெண்டுப் பொடி.

நான் தலையைத் தூக்கினேன். காதிலிருந்து கையை எடுக்கத் தோன்றாமல், வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்தேன். தரையில் கிடக்கிற எங்கள் எல்லோரையும் அவள் ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து, என் காதைப் பொத்தியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, பெருமை தாங்காமல் சொன்னாள்:

"நீ கூப்பிட்டே, அம்மா கூப்பிட்டாங்க, மாமாங்க எல்லாரும் கூப்பிட்டாங்க. எல்லாம் கேட்டுச்சுப்பா. நான் வரவே இல்லையே!"